இயன் ஹோம்: மேடை இழந்தது எவ்வளவு, திரை பெற்றது எவ்வளவு?

முகிலன்:
ஆங்கில நடிகர் இயன் ஹோம் என்றதும் 'ஏலியன்' படத்தின் ஆஷையும், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் பில்போவையும் சொல்லிவிட்டுப் பலரும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். 1954இல் ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கில் சிறு வேடங்களில் தொடங்கியவர், பத்தே ஆண்டுகளில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மூன்றாம் ரிச்சர்டாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் உயர்ந்தார். 1965இல் ஹெரால்ட் பின்டரின் 'த ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னியாக நடித்து, அதே வேடத்துக்காக 1967இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அமெரிக்க நாடக விருதான டோனியும் பெற்றார். அப்படிப்பட்டவர் 1976இல் 'த ஐஸ்மேன் கமெத்' நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகளின்போது மேடை அச்சத்தால் நிலைகுலைந்து விலகினார். அதன்பின் 1993 வரை மேடையில் அவரைக் காண்பதே அரிதாகிப்போனது. நாற்பத்தைந்து வயதிலிருந்து அறுபது வயதுவரை, ஒரு நடிகனின் குரலும் உடலும் அனுபவமும் சேர்ந்து கனியும் காலம் முழுவதையும் அவர் துணை வேடங்களில் செலவிட நேர்ந்தது ஆங்கில நாடகத்துக்குப் பேரிழப்பு என்பதே என் கருத்து.

தேன்மொழி:
மேடைக்கு அது இழப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துணை வேடங்களில் காலம் கழிந்தது என்று நீங்கள் வருந்துவதை ஏற்க முடியவில்லை. 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் அவர் ஏற்ற ஓட்டப் பயிற்சியாளர் சாம் முசாபினி, பணத்துக்காக விளையாட்டில் ஈடுபடுவது இழுக்காகக் கருதப்பட்ட அக்காலத்தில் பணம் பெற்றுப் பயிற்சி தருபவர் என்பதால் 1924 பாரிஸ் ஒலிம்பிக் அரங்குக்குள் வராமல், வெளியே ஓர் அறையில் தனியாகக் காத்திருக்கிறார். தன் மாணவன் ஓடிய பந்தயத்தின் முடிவை, சன்னல் வழியே தெரியும் கொடியைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறார். அந்த நொடியில் அவர் கூச்சலிடுவதில்லை. கையிலிருக்கும் வைக்கோல் தொப்பியின் உச்சியை ஒரே குத்தில் கிழித்துவிடுகிறார். கூட நடிக்க ஆளில்லாத அந்தச் சிறு காட்சியில், இத்தனை காலம் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு மனிதரின் மகிழ்ச்சி முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த வேடத்துக்கு கான் விழாவில் துணை நடிகர் விருதும், பிரித்தானியத் திரை விருதான பாஃப்டாவும், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தன. அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு எட்டும்படி நடிக்க வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் இந்த நுணுக்கம் அமைந்திருக்குமா?

முகிலன்:
அமைந்திருக்கும். மேடை நடிப்பு என்றாலே உரத்துப் பேசுவது என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள். மேடையில் அதை இயக்கிய பீட்டர் ஹாலே 1973இல் படமாக்கிய 'த ஹோம்கமிங்' கிடைக்கிறது. மேடையில் நடித்தவர்களில் பலரும் அதில் இருக்கிறார்கள். லென்னியும் அவன் அண்ணி ரூத்தும் ஒரு குவளைத் தண்ணீரை நடுவில் வைத்து மோதும் காட்சியைப் பாருங்கள். அச்சுறுத்தும் கதைகளை வானிலை பற்றிப் பேசுவது போன்ற இயல்பான தொனியில் அடுக்கிக்கொண்டே போகும் ஹோம், ரூத் ஒரே வாக்கியத்தில் திருப்பித் தாக்கியதும் திகைத்து நிற்கிறார். இந்த அடக்கம் அவர் மேடையில் கற்றது. நீங்கள் போற்றும் திரை நுணுக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

கதிரவன்:
இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். நாயக வேடத்திலிருந்து குணச்சித்திர வேடத்துக்கு வருவதைப் படியிறக்கமாகக் கொள்வதால்தான் இந்த வாதமே எழுகிறது. 1964இல் மேடையில் ஐந்தாம் ஹென்றியாக நின்றவர், 1989இல் கென்னத் பிரானா எடுத்த படத்தில் அதே நாடகத்தின் வேல்ஸ் நாட்டுத் தளபதி ஃப்ளூயெல்லனாக வந்தார். போர் முடிந்த களத்தில் மன்னரிடம் அவர் உரிமையோடு பேசும் இடத்தில், காட்சியின் உயிர் மன்னரிடம் மட்டுமன்றி அவரிடமும் இருக்கிறது. உயரம் குறைந்த உடல்வாகும், கூட்டத்தில் கலந்துவிடக்கூடிய முகமும் கொண்ட அவர் தொடக்கம் முதலே குணச்சித்திர நடிகர்தான். மன்னராக நடித்தபோதும் அப்படியே நடித்தார்.

தேன்மொழி:
கதிரவன் சொல்வது என் தரப்பை வலுவாக்குகிறது. ஆஷ் வேடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சக ஊழியர்கள் ஆபத்தை நோக்கி வெளியே செல்லும்போது, கண்காணிப்பு இருக்கையில் அமர்வதற்கு முன் அவர் நின்ற இடத்திலேயே சில நொடிகள் ஓடுவது போல் கால்களை அசைக்கிறார். முதன்முறை பார்க்கும்போது அது கண்ணில் படாமலும் போகலாம். அவர் மனிதர் அல்லர், இயந்திரம் என்று தெரிந்தபின் மறுபடி பார்த்தால், மனிதப் பழக்கத்தைப் பார்த்துச் செய்யும் ஒன்றின் அசைவு அது என்று புலப்படுகிறது. அவ்வாறு திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைத் திரையே தருகிறது. 1964இன் ஹென்றியைப் பற்றி நேரில் கண்டவர்கள் எழுதி வைத்ததைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

முகிலன்:
ஹென்றிக்கு அது பொருந்தலாம். ஆனால் மூன்றாம் ரிச்சர்டை பிபிசி அன்றே படம்பிடித்தது. 1997இல் நேஷனல் தியேட்டரின் சிறிய அரங்கான காட்டஸ்லோவில், ரிச்சர்ட் அயரின் இயக்கத்தில் அவர் நடித்த லியர் மன்னரும் தொலைக்காட்சிப் படமாக இருக்கிறது. அறுபத்தைந்து வயதில், புயல் காட்சியில் ஆடைகளைக் களைந்து நின்ற அந்த நடிப்புக்கு லண்டன் நாடக விருதான ஒலிவியே கிடைத்தது. அச்சத்தால் மேடையை விட்டவர் திரும்பி வந்து இவ்வளவு கடினமான வேடத்தையும் ஏற்றார் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் காணத் தவறியவை எத்தனை என்று கேட்பது நியாயம்தானே?

தேன்மொழி:
கேட்கலாம். ஆனால் அதே 1997இல் அவர் 'த ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' என்ற கனடியப் படத்தில் ஒரு வழக்கறிஞராக முதன்மை வேடம் ஏற்றதையும் சேர்த்துப் பாருங்கள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் இளம்பெண்ணிடம், தன் மகள் குழந்தையாக இருந்தபோது நஞ்சுச் சிலந்தி கடித்ததையும், மூச்சு அடைத்தால் தொண்டையைக் கீறுவதற்காகக் கையில் கத்தியோடு மருத்துவமனைவரை அவளை மடியில் வைத்திருந்ததையும் அந்த வழக்கறிஞர் தாழ்ந்த குரலில் சொல்கிறார். மகளை இழந்துகொண்டிருக்கும் தந்தையாக அவர் அந்த ஆண்டு இருமுறை நடித்தார். ஒன்று புயலில், மற்றொன்று விமான இருக்கையில். துணை வேடங்களில் இருபது ஆண்டுகள் முகத்தைக் கட்டுக்குள் வைத்துப் பழகியிராவிட்டால் இந்த இரண்டாவது தந்தை கிடைத்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், முகிலன். லியரை நான் மறுபடி பார்க்கிறேன்.