மிதித்துணை: 'பிறேக் பூஸ்டர்' பற்றி

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

'பிறேக் பூஸ்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக அண்ணா முன்வைத்த 'தடுப்பு ஊக்கி', தங்கச்சி எழுதிய 'வலுத்தடுப்பு' இரண்டையும் வாசித்தேன். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. தாக்கத்தை விரைவாக்கும் பொருளுக்கு (catalyst) ஊக்கி என்ற சொல்லை எங்கள் இரசாயனவியல் பாடம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. வலு என்றால் பௌதிகவியலில் ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை. இந்தக் கருவி கால் கொடுக்கும் விசையோடு இன்னொரு விசையைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தானாக அது வண்டியை நிறுத்தாது.

இதில் நான் பிடிவாதமாக நிற்கக் காரணம் எங்கள் பழைய டீசல் ஜீப். முதலில் அதில் பூஸ்டர் இல்லை. ஏறி நின்று மிதிப்பதுபோல மிதிக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் நோ வந்த பிறகு, கராச் ஒன்றில் வேறொரு வண்டியின் பூஸ்டரைப் பூட்டினோம். அந்தப் பூஸ்டர் வெற்றிடத்தால் இயங்குவது. டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைப்போல உள்ளிழுக்கும் வழியில் போதிய வெற்றிடத்தைத் தராது. அதனால் இருந்த ஓல்டனேற்றரை (மின்பிறப்பாக்கியை) எடுத்துவிட்டு, பின்பக்கம் வெற்றிடப் பம்பி பொருத்திய ஒன்றைப் பூட்டினார்கள். அப்புறம் தொடங்கியது கரைச்சல். ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் றோட்டில் பெடலில் கால் பட்டாலே போதும், முன் சில்லுகள் இறுகி வண்டி வழுக்கும். பின்னால் அடுக்கிய நெல் மூட்டைகள் முன்னுக்கு வந்து விழும்.

'பவர் கூடிப்போச்சு' என்று சொல்லி அந்தக் கராச்சில், சில்லை அழுத்திப் பிடிக்கும் பிறேக் சூக்களைத் தளர்த்தினார்கள். பெடல் இன்னும் ஆழமாகப் போனது, ஆனால் பிடிக்கிற இடத்தில் அதே வெடுக்கு. 'பவர்' பிறேக்கில் இருக்கிறது என்று நினைத்ததால் பிறேக்கைக் குடைந்தார்கள். பெயர் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும் என்று நான் சொல்வது இதைத்தான்.

கிளிநொச்சியில் வயதான மெக்கானிக் ஒருவர் சில்லுப் பக்கமே போகவில்லை. பெடலுக்குக் கீழே குனிந்து அளவுநாடாவைப் பிடித்தார். சுழலும் அச்சிலிருந்து மிதிக்கும் இடம் 12 அங்குலம், பெடலிலிருந்து பூஸ்டரைத் தள்ளும் தள்ளுகோல் கொழுவிய துளை 2 அங்குலம். அப்படியென்றால் காலின் விசை பூஸ்டருக்குப் போக முன்னரே 6 மடங்காகிறது. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு அது பொருத்தம். பூஸ்டர் உள்ளதற்கு 4 மடங்கு அளவே போதும். துளையை 3 அங்குலத்துக்கு மாற்றினார். தள்ளுகோல் சரிந்து நிற்காதபடி பூஸ்டரின் தாங்கியையும் அதே அளவுக்கு நகர்த்தினார். பூஸ்டருக்கும், பிறேக் எண்ணெயை அமுக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கோலில் மயிரிழை இடைவெளி விட்டார். அந்தக் கோல் நீண்டிருந்தால் காலை எடுத்தாலும் பிறேக் முழுதாக விடாது. இன்னும் வெடுக்கென்று பிடித்தால் மாஸ்ரர் சிலிண்டரின் உள்விட்டத்தை 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்கு மாற்றலாம், அதே விசைக்கு எண்ணெய் அமுக்கம் கிட்டத்தட்ட 23 வீதம் குறையும் என்றார். தேவைப்படவில்லை. இப்போது மாங்குளம் வரை அம்மா முன்னிருக்கையில் நித்திரை கொண்டே வருகிறா.

ஆகவே என் முன்மொழிவு 'மிதித்துணை'. மிதிக்கும் காலுக்குத் துணை என்பது சொல்லிலேயே தெரிகிறது. கிளச்சுக்கும் இப்படிக் கருவி உண்டே என்று யாரும் கேட்கலாம். அங்கே 'கிளச் மிதித்துணை', இங்கே 'தடுப்பு மிதித்துணை' என்று முன்னொட்டுச் சேர்த்தால் சரி. வெற்றிடத்தால் இயங்குவது 'வெற்றிட மிதித்துணை'.

தொட்டவுடன் பிடிக்கும் குறைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். 'வெடுக்கெண்டு பிடிக்குது' என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 'வெடுக்குப்பிடி' என்று எழுதிவிடுவோம்.

மற்றது, அந்த 6 மடங்கு, 4 மடங்குக் கணக்கு. நெம்புகோல் பாடத்தில் 'பொறிமுறை நயம்' என்று படித்தோமே, அதை ஒட்டி 'மிதிநயம்' எனலாமா? 'மிதி விகிதம்' என்றும் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு மனம் நயத்தின் பக்கமே சாய்கிறது. அண்ணா, உங்கள் கருத்தை எழுதுங்கள்.