பொட்டல் என்று நினைத்த நிலம்: கிழக்கு ஓரிகன் அனுபவங்கள், நீங்களும் எழுதுங்கள்

ஒற்றைப்பனை எழுதியது:

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் பக்கம் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஹூட் மலையைத் தாண்டி வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் இறங்கும்போது பச்சை முடிந்து சாம்பல் நிறப் புதர் தொடங்கும், பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பெண்ட் என்ற ஊர் வரும்வரை நானும் ரோட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ராமநாதபுரத்துக்காரன் நான். பொட்டல் எனக்குப் புதிதா என்ன? சீமைக் கருவேலம் முளைத்துக் கிடக்கும் நம் ஊர்ப் பொட்டல் மாதிரி இதுவும் ஒன்று என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த முடிவை மாற்றியது ஒரு மாலை நேரப் பேச்சு. பெண்டுக்குத் தெற்கே 97ஆம் நெடுஞ்சாலையில் ஹை டெசர்ட் மியூசியம் இருக்கிறது, 1982இல் திறந்தது. நீர்நாயையும் கழுகையும் காட்டலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அன்று ராத்திரி ஊருக்குள் இந்த நிலத்தைப் பற்றி ஒரு பேச்சு, கட்டணம் கிடையாது என்று தெரிந்தது. வெளியே குளிர், செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. சரி, போய் உட்காருவோம் என்று போனோம். நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். பேசிய அம்மாள் தாவர ஆராய்ச்சிக்காரர். படம் காட்டுவதற்கு முன்னால் ஒரு கட்டுக் கிளையை முன் வரிசையில் கொடுத்து, ஆளுக்கு ஓர் இலை கிள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள் என்றார்.

அதுதான் சேஜ்பிரஷ், ரோட்டோரம் ஏழு வருடம் நான் பார்க்காமல் கடந்த சாம்பல் புதர். கையில் வைத்துப் பார்த்தால் இலை முழுக்கப் பூனைமயிர் போல மெல்லிய வெள்ளை ரோமம், நுனியில் மூன்றே மூன்று பல். நசுக்கினதும் கற்பூரம் கலந்த மாதிரி ஒரு காரமான வாசம் ஏறியது. என் மனைவி முகர்ந்துவிட்டு, "என்னங்க, இது மரிக்கொழுந்துக்குச் சொந்தம் மாதிரி இருக்கே" என்றாள். கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டும் விட்டாள். அந்த அம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம், பங்காளிகள்தான். மதுரையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் செடியின் பங்காளி இங்கே லட்சக்கணக்கான ஏக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் அவர் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒன்று, இந்தச் செடிக்கு ஆழத்துக்கு ஒரு வேர், மேலோட்டமாக ஒரு வேர்க்கூட்டம். ராத்திரியில் ஆழத்து ஈரத்தை மேலே இழுத்து வறண்ட மேல்மண்ணில் கசியவிடுமாம், பக்கத்துப் புல்லும் அதைக் குடிக்குமாம். 1987இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். பெண்டில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, சென்னை மழையில் கால்வாசிகூட இல்லை. மேற்கிலிருந்து வரும் மேகத்தைக் காஸ்கேட் மலைத்தொடர் பிழிந்து எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் விடுகிறது. அந்த மிச்சத்தில் குளிர்காலப் பனியாக விழுந்து ஆழத்தில் இறங்கியதைத்தான் கோடையில் இந்தப் புதர் மேலே கொண்டுவந்து பகிர்கிறது.

இரண்டாவது, ஒரு தட்டில் கருத்த மண்பொருக்கு கொண்டுவந்திருந்தார். நெருப்பில் கருகிய அடைத் துண்டு மாதிரி இருந்தது. தெளிப்பானில் இரண்டு முறை தண்ணீர் அடித்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார். பழுப்பாகச் சுருண்டு கிடந்த பாசி ஒவ்வொன்றாக விரிந்து, ஒரு நிமிடத்துக்குள் பச்சையாகிவிட்டது. "அப்பா, இது உசுரோட இருக்கு" என்று மகள் கத்தினாள், அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். பாசி, காளான்பாசி (லைக்கன்), கண்ணுக்குத் தெரியாத நீலப்பசும்பாசி எல்லாம் பின்னிக்கொண்டு மண்ணைக் காற்று அள்ளாமல் பிடித்து வைத்திருக்கும் தோல் அது. ஒரு மிதி மிதித்தால் உடையும், திரும்ப வளரப் பல பத்தாண்டு வேண்டும். போன கோடையில் படம் எடுப்பதற்காக நான் வண்டியை ரோட்டைவிட்டு இறக்கி ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த டயர் தடம் இப்போதும் அங்கேதான் இருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைத்தபோது மிகவும் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் இயல்பு கெட்டால் பாலை என்று. பாலைக்குத் தனக்கென்று ஒரு நிலம் இல்லை, கெட்டுப்போன நிலம்தான் பாலை. இந்தச் சேஜ்பிரஷ் வெளியையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது எதுவும் கெட்டு உண்டான நிலம் இல்லை, இதன் இயல்பே இதுதான். கெட்ட நிலம் எப்படி இருக்கும் என்பதையும் அவரே காட்டினார், 2012இல் மால்யூர் மாவட்டத்தில் ஐந்தரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த லாங் டிரா தீயின் படம். ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சீட்கிராஸ் என்ற புல்தான் இதில் பெரிய வில்லன். கோடை தொடங்கும்போதே காய்ந்து, புதர்களுக்கு நடுவே இருந்த வெறும் மண்ணையெல்லாம் வைக்கோலாக நிரப்பிவிடும். தீப்பிடித்தால் நிற்காது. புல் அடுத்த வருடமே முளைத்துவிடும், இந்த வகைச் சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வரவேண்டும். அது வளர்வதற்குள் அடுத்த தீ வந்துவிடும். சீமைக் கருவேலம் எங்கள் கண்மாய்களை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த மாதிரிப் பேச்சுகளுக்குப் போனவர்கள், போய்விட்டு வெளியே எதையாவது நேரில் பார்த்தவர்கள், எழுதுங்களேன்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அண்ணா, மரிக்கொழுந்து விஷயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவ்வளவு சிரிப்பு. எங்கள் அனுபவம் அம்மாவால்தான்.

இரண்டு வருடம் முன்னால் ஏப்ரலில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதைப் பார்த்தவர். பர்ன்ஸ் ஊருக்குப் பறவை பார்க்கப் போகிறோம் என்றதும் அவர்தான் முதலில் கிளம்பினார். அங்கே ஒரு சமூகக் கூடத்தில் மால்யூர் பறவைகள் சரணாலயத்தைப் பற்றிப் பேச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பேசியவர் பழைய கதையில் தொடங்கினார். பெண்கள் தொப்பியில் செருகும் இறகுக்காகப் பெரிய வெள்ளைக் கொக்குகளை அந்த ஏரிகளில் சுட்டுத் தீர்த்திருக்கிறார்கள். 1908இல் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்று இரண்டு பேர் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு நாணல் காட்டுக்குள் போய்ப் பார்த்தபோது ஒரு கொக்குகூட மிச்சமில்லையாம். ஃபின்லி அந்தப் படங்களைக் கண்ணாடி ஸ்லைடாக்கி ஊர் ஊராகக் காட்டிப் பேசியிருக்கிறார். அந்த வருடம் ஆகஸ்டிலேயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார். வெறும் பேச்சால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் ஊரை ஒட்டிய புல்வயல்களுக்குக் கூட்டிப்போனார்கள். மலைப்பனி உருகி ஆற்றில் வரும் தண்ணீரை அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் வயலில் பரவவிட்டு நிறுத்துகிறார்கள், பின்னால் அதில்தான் வைக்கோல் அறுப்பார்கள். வடக்கே போகும் வெள்ளை வாத்துக்கள் அந்த நீரில் இறங்கிக் கிடந்தன, எண்ணவே முடியாது. கரை ஓரத்தில் அரிவாள் மூக்கன் கூட்டம், கழுத்தில் வெயில் பட்டுச் செம்பு மாதிரி மின்னியது. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஏட்டி, தண்ணிய நிறுத்துனா பறவ வரத்தான செய்யும். வயக்காரரு வெரட்ட மாட்டாரான்னு கேளு" என்றார். கேட்டேன். கூட வந்த பெரியவர் ஒருவர் அவரே பண்ணைக்காரர்தான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். புல்லை மேய்கின்றன, நஷ்டம் கொஞ்சம் உண்டு, ஆனால் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் தண்ணீர் விடுகிறோம், இந்தச் சத்தம் கேட்காவிட்டால் வசந்தம் வந்ததாகவே தோன்றாது என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கை கூப்பிவிட்டார். அவரும் கூப்பினார்.

வயலில் தண்ணீர் விடும் இந்தப் பழக்கம் நின்றுவிட்டால் பறவைக்கு இறங்க இடமில்லை. இதையும் அந்தப் பேச்சில்தான் முதன்முதலில் கேட்டேன். சரணாலயம் என்று எல்லை போட்டு வைத்தது மட்டும் போதாது.

கொங்குவெயில் எழுதியது:

நான் கேட்ட பேச்சு பிராங்ஹார்ன் பற்றியது. மான் மாதிரி இருக்கும், ஆனால் மான் இனம் இல்லை. மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இவ்வளவு ஓடத் தெரிந்ததற்கு வேலி தாண்டத் தெரியாது, பெரும்பாலும் அடியில் புகுந்துதான் போகும். கோடியக்கரையில் வெளிமான் துள்ளுவதைப் பார்த்த கண்ணுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. வெட்டவெளியிலேயே வாழ்ந்த பிராணி, குதித்துத் தாண்டும் தேவை அதற்கு வரவே இல்லை. அப்புறம் முள்கம்பி வந்தது.

ஹார்ட் மலையில் 1936இல் இந்தப் பிராணிக்காகவே சரணாலயம் அமைத்தார்கள். 1990களில் அங்கே மாடு மேய்ப்பது நின்றதும் உள்ளே இருந்த வேலிக்கு வேலை இல்லாமல் போனது, தன்னார்வலர்கள் வருடக்கணக்காக அதைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். அவர்களில் ஒருவர்தான் பேசினார். கடைசியில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார், நான் பேர் எழுதினேன்.

நான் போனது வேறொரு பொது நிலம். மூன்று நாள், கூடாரத்தில் தங்கல். ஒருவர் கம்பியை இரும்புத் தூணிலிருந்து கழற்ற, ஒருவர் சுருட்ட, ஒருவர் தோளில் சுமந்து வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். தடித்த கையுறை போட்டும் முள் குத்தத்தான் செய்தது. இரண்டாம் நாள் ஒரு பள்ளத்தில் கீழ்க்கம்பி முழுக்க மயிர் சிக்கியிருந்தது, வெள்ளையும் பழுப்புமாக. கிள்ளி எடுத்து விரலால் வளைத்தேன், காய்ந்த வைக்கோல் துண்டு மாதிரி படக்கென்று உடைந்தது. உள்ளே குழலாக இருக்கும் மயிர், குளிர் தாங்குவதற்கு. எத்தனை முறை அந்த இடத்தில் முதுகு கிழிய நுழைந்து போயிருக்கும்! அந்தக் கம்பியை நானே வெட்டினேன், யாரிடமும் கொடுக்கவில்லை.

வேலி எல்லாவற்றையும் எடுக்க முடியாது, மாடு வளர்க்கிறவர்களும் பிழைக்க வேண்டும். அங்கெல்லாம் கீழ்க்கம்பியை முள் இல்லாத கம்பியாக மாற்றித் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். இதில் செலவு அதிகமில்லை, பண்ணைக்காரர்களும் மறுப்பதில்லை.

நொய்யல் எழுதியது:

சேஜ்பிரஷ் வெளியில் வாழும் சேஜ் க்ரௌஸ் பறவை ஆடுவதை யாரும் எழுதவில்லையே. ஏப்ரல் மாதம், இருட்டோடு போய் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பறவை தானாகப் போகும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று பேச்சிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது, நிறைகுடத்தில் கூழாங்கல் விழுகிற மாதிரி இரட்டை இரட்டையாக. விடிந்ததும் பார்த்தால் நம் சேவலைவிடப் பெரிய பறவை பதினேழு, வாலை விசிறியாக விரித்து, வெள்ளை மார்பைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் மார்பில் இரண்டு மஞ்சள் பை உப்பித் தெரிந்தது. பெட்டைகள் ஓரமாக மேய்ந்துகொண்டே பார்க்கின்றன.

குளிர்காலம் முழுக்க இதற்குச் சேஜ்பிரஷ் இலை ஒன்றுதான் சாப்பாடு. அந்தப் புதர் போனால் இதுவும் போய்விடும். 2015இல் அழியும் இனப் பட்டியலில் சேர்ப்பதா என்று பெரிய விவாதம் நடந்து, சேர்க்க வேண்டியதில்லை என்று மத்திய வனவிலங்குத் துறை முடிவெடுத்தது. பண்ணைக்காரர்களும் மாநிலங்களும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளும் அதற்கு ஒரு காரணம். அந்த முடிவு சரியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பதினேழு என்று நான் சொன்ன இடத்தில் முன்பெல்லாம் எண்ண நேரம் போதாது என்றார் எங்களைக் கூட்டிப்போனவர்.

ஒற்றைப்பனை எழுதியது:

நொய்யல், அந்தக் கூழாங்கல் சத்தத்தை இந்த ஏப்ரலில் கேட்டே ஆகவேண்டும். தாமிரபரணிக்கரை, அம்மாவுக்கு என் வணக்கம்.

ஒன்று எழுத விட்டுப்போனது. அந்தப் பேச்சு முடிந்ததும் நாங்களும் ஒரு தாளில் பேர் எழுதினோம், எரிந்த நிலத்தில் சேஜ்பிரஷ் கன்று நடுவதற்கு. போன நவம்பரில் போனோம். கன்றுகள் விரல் நீளம்தான், குப்பி மாதிரி சின்னக் குழாயில் வந்தன. சில பெட்டிகள் சிறையில் வளர்ந்தவை என்றார்கள். இதே ஓரிகனில் உள்ள ஒன்டாரியோ ஊரில் ஸ்னேக் ரிவர் சிறைக் கைதிகள் 2014இலிருந்து இந்தக் கன்றுகளை வளர்க்கிறார்கள். விதை ஊன்றித் தண்ணீர் ஊற்றி ஆறேழு மாதம் பார்த்துக்கொண்டவர்கள் அதை மண்ணில் வைக்க வர முடியாது. மகளிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒவ்வொரு கன்றையும் ஊன்றிச் சுற்றி மண்ணை அழுத்திவிட்டு, இலையைக் கிள்ளாமல் விரலால் தடவி மட்டும் முகர்ந்துகொண்டாள். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் நட்டிருப்போம். எத்தனை பிழைக்கும் என்று வேலையை நடத்தியவரிடம் கேட்டேன். மழையைப் பொறுத்தது, வசந்தத்தில் வந்து எண்ணுங்கள் என்றார்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை எண்ணப் போகிறோம். வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.