கிளையன்ட் போய்விட்டது, ஆப்ஜெக்ட் மட்டும் நிற்கிறது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

#1
டாட்நெட் ரிமோட்டிங் (வேறொரு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்டை அழைக்க மைக்ரோசாஃப்ட் தந்த பழைய வசதி) காலத்துக் கதை. படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு யாராவது எழுந்து போய்வந்து 'சேமி'யை அழுத்தினால், அந்த ஆப்ஜெக்ட் சர்வரில் இல்லை என்று பிழை. எங்கள் டெஸ்டருக்கு மட்டும் வரவே வராது. மனிதர் விரல் ஓயாமல் சொடுக்கிக்கொண்டே இருப்பார்! லீஸ், அதாவது சர்வர் ஆப்ஜெக்டை உயிரோடு வைத்திருக்கும் கெடு, முதலில் 5 நிமிடம், அப்புறம் ஒவ்வோர் அழைப்பும் குறைந்தது 2 நிமிடத்துக்கு உயிர்கொடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் லீஸே வேண்டாமென்று, லீஸ் கேட்கும் இடத்தில் நல் (வெற்று மதிப்பு) திருப்பி அனுப்பினேன். பிழை போயிற்று. அப்புறம் எந்த ஆப்ஜெக்டும் சாகவில்லை. மூன்றாம் நாள் மெமரி தீர்ந்து சர்வரே விழுந்தது.

#2
ஒரே வேலையை இருவர் செய்யாதிருக்க ரெடிஸில் (மெமரியில் தரவை வைக்கும் சேமிப்பகம்) ஒரு பூட்டு. டிடிஎல், அதாவது அது தானாகக் காலாவதியாகும் நேரம், 30 விநாடி. ஒரு வொர்க்கர் (பின்னணியில் வேலை செய்யும் புரோகிராம்) ஜிசி (பயன்படாத மெமரியை மீட்கும் வேலை) இடைநிறுத்தத்தில் 40 விநாடி உறைந்துவிட்டது. அதற்குள் பூட்டு காலாவதியாகி, இன்னொரு வொர்க்கர் அதை எடுத்து வேலையை முடித்தாயிற்று. முதலாவது கண்விழித்து, பூட்டு தன் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் அதே பில்லை மறுபடி எழுதியது. ஒரே பில் எண், அடுத்தடுத்து இரண்டு வரி. அந்தத் திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. டிடிஎல்லை 2 நிமிடம் ஆக்கிவிட்டோம்.

#3
#2, அது தீர்வே இல்லை. நாளைக்கு 3 நிமிடம் உறைந்தால்? பூட்டு கொடுக்கும்போதெல்லாம் ஏறுமுகமாக ஓர் எண்ணும் கொடுங்கள். எழுதுகிற ஒவ்வொரு முறையும் அந்த எண் கூடவே போகட்டும். ஏற்கெனவே பார்த்ததைவிடச் சிறிய எண் வந்தால் டேட்டாபேஸ் மறுக்கட்டும். தாமதமாக விழித்தவன் அங்கேயே நின்றுவிடுவான். ஃபென்சிங் டோக்கன் என்பது இதைத்தான். டிடிஎல் கூடக்கூட, நிஜமாகவே செத்த வொர்க்கருக்காக மற்றவர்கள் காத்துக்கிடப்பதுதான் கூடும். #1-க்கும் சொல்கிறேன், நல் என்பது சோம்பேறித்தனம், லீஸ் முடியும்போது நீட்டித்துத் தரும் ஸ்பான்சர் எழுதியிருக்கலாம்.
என் கதை சின்னது. குபர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) டிஸ்க் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் புரோகிராமை முதலில் அழித்துவிட்டேன். அவையெல்லாம் இருந்த நேம்ஸ்பேஸ் (தனிப் பிரிவு) 'டெர்மினேட்டிங்' (அழிந்துகொண்டிருக்கிறது) என்றே நின்றது. ஆபரேட்டர் சுத்தம் செய்து முடிக்கும்வரை அழிக்காதே என்று தடுக்கும் குறிப்பான ஃபைனலைசரைக் கையால் நீக்கினேன். நேம்ஸ்பேஸ் போனது, கிளவுடில் டிஸ்க் போகவில்லை. மாதக் கடைசியில் பில் வந்தபோதுதான் பார்த்தேன்.

#1
ஸ்பான்சர் எழுதினோம், சார். அது கிளையன்ட் பக்கம் ஓடியது. ஃபயர்வால் சர்வரைத் திரும்பிப் பேசவிடவில்லை.

#4
டபிள்யூஎஸ்ஆர்எஃப் (வெப் சர்வீஸ் வழியே சர்வரிலுள்ள வளங்களைக் கையாளும் விதிமுறை) தொட்டவர்கள் இருக்கிறீர்களா? 2006-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக வந்தது. அதில் வளம் எப்போது அழிய வேண்டும் என்ற முடிவு நேரத்தைக் கிளையன்டே கேட்கலாம். எங்கள் கிளையன்டின் கடிகாரம் 7 நிமிடம் பின்னால். "இன்னும் 5 நிமிடம் வை" என்று கணக்குப் போட்டு அனுப்பிய நேரம் சர்வருக்குக் கடந்த காலம். உயிரை நீட்டிக்கக் கேட்டோம், அந்த நொடியே அழித்துவிட்டது. பதிலில் சர்வர் தன் நேரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. நாங்கள் ஒருவரும் அந்தப் புலத்தைப் படிக்கவே இல்லை.