குடியாத்தம் அச்சகத்தின் பழைய கணினியில் இணையதளங்கள் திறப்பதில்லை: பேஜ்மேக்கர் கோப்புகளை இழக்காமல் என்ன செய்யலாம்?

குடியாத்தம் அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ் என எல்லா வேலையும் ஒரே கணினியில்தான் நடக்கிறது. இன்டெல் கோர் 2 டுவோ இ7500, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-உம், யூ.எஸ்.பி. பூட்டு செருகினால் மட்டும் இயங்கும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளும் அதில் உள்ளன. ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டர் இணைத்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்தால் சில நாட்களில் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வருகிறது; வேறு சில நாட்களில் ஒரு தொல்லையும் இல்லாமல் திறக்கிறது. வங்கித் தளமோ எப்போது போனாலும் உலாவி பழையது என்று சொல்லி நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் கேட்டதற்கு, இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். புதியதை வாங்கினால் எழுத்துரு மென்பொருளின் பூட்டு அதில் வேலை செய்யாது. வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் "போன தடவை அடித்த மாதிரியே" என்று கேட்டு வரும் கோப்புகள் அனைத்தும் அந்த எழுத்துருவில்தான் உள்ளன. வழி இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி வன்பொருள்:

வணக்கம் அம்மா. சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. காலையில் கணினியைப் போட்டவுடன் திரையின் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

குடியாத்தம் அச்சகம்:

பார்த்தேன் ஐயா. 2009 ஜனவரி என்று காட்டுகிறது. பில் போட வேண்டிய நாட்களில் கடைப் பையன் தேதியைத் திருத்திக்கொள்கிறான். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்; அவன் திருத்திய நாட்களில்தான் ஜி.எஸ்.டி. தளம் திறக்கிறது.

காட்பாடி வன்பொருள்:

அப்படியானால் முதல் கோளாறு, கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும் மதர்போர்டு பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று குறிக்கப்பட்டிருக்கும். கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இப்போதைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவையாக அதற்குத் தெரியும், அதனால்தான் மறுக்கிறது.

இரண்டாவது கோளாறு உலாவியுடையது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. குரோமில் 109-ஆம் பதிப்புதான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு; அது வந்தது 2023-இல். பயர்பாக்ஸுக்கு, நீண்ட கால ஆதரவு கொண்ட 115 ஈ.எஸ்.ஆர். வரிசை கடைசி. ஆகவே பேட்டரியை மாற்றினாலும் வங்கித் தளம் திறக்காது, திறந்தாலும் அந்தக் கணினியில் பணம் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

பேட்டரி மாற்றப் பெட்டியைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றாவது உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தாலோ அந்தப் போர்டை நம்பி மேலும் செலவு செய்ய வேண்டாம். நம் ஊர் கத்திரி வெயிலில் இத்தனை ஆண்டுகள் ஓடிய பெட்டி என்பதால், மின்விசிறித் தூசியை நீக்கி, பிராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகத் தடவிவிடுவது நல்லது. சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் அல்லவா. உங்களுக்கு வேலை குவிவதும் வெயில் உச்சத்தில் இருப்பதும் ஒரே சமயத்தில்தான்.

ஆம்பூர் கணக்கர்:

பழைய கணினிகளுக்கு உள்ள கட்டுப்பாட்டை மீறி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் இருக்கின்றனவே, அவற்றை முயலலாமே? எங்கள் அலுவலகத்தில் ஆறாம் தலைமுறைக் கணினி ஒன்றில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலூர் லினக்ஸ்:

ஆறாம் தலைமுறைக்கு அது பொருந்தும் ஐயா, இதற்குப் பொருந்தாது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உண்டா என்ற சோதனையைத் தாண்டலாம். ஆனால் 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-க்கு பாப்கவுண்ட், எஸ்.எஸ்.இ. 4.2 என்னும் கட்டளைகள் பிராசஸரிலேயே இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோவில் அவை கிடையா. எந்த உபாயத்தாலும் சேர்க்கவும் முடியாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

அம்மா, உங்கள் கணினி செய்யும் வேலைகளை இரண்டாகப் பிரிப்பதுதான் சரியான தீர்வு என்பது என் உறுதியான கருத்து. பேஜ்மேக்கருக்கு இணையம் தேவையில்லை. வங்கிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் பேஜ்மேக்கர் தேவையில்லை. இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைத்த நிலையில் அந்த எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய பதிப்பை நிறுவுங்கள். கேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம், நிறுவும்போது தவறான டிஸ்க் அழிந்துபோகும் பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது என்பதுதான். பிறகு இரண்டையும் இணைத்துக்கொண்டு, கணினி தொடங்கும்போது எதிலிருந்து என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் இ7500 என்பது 64 பிட் பிராசஸர்தான். ஆகையால் மின்ட் 22 ஓடும். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உண்மையிலேயே 32 பிட் மட்டுமே அறிந்த பழைய பெட்டிகளின் நிலைமைதான் கடினமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்னும் இன்னொரு லினக்ஸை அவற்றில் நேரடியாக நிறுவ முடியாது. பயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது.

2 ஜிபி ராமில் மின்ட் தொடங்கும், ஆனால் இன்றைய தளங்களுக்கு அது போதாது. ஜி31 போர்டு 4 ஜிபிவரை ஏற்கும். டி.டி.ஆர்.2 வகையில் 2 ஜிபி அட்டைகள் இரண்டு, பயன்படுத்தியவையாக, சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். ஒரே அட்டையில் 4 ஜிபி என்று மலிவாக விற்பதை வாங்க வேண்டாம். அவற்றில் பல ஏ.எம்.டி. போர்டுகளில் மட்டுமே இயங்குபவை.

விண்டோஸ் 7 ஓடும் நேரத்தில் இணையக் கேபிள் செருகியிருக்கக் கூடாது. கடையில் வேறு யாரும் அந்தக் கணினியில் உட்காருவார்கள் என்றால், விண்டோஸிலேயே நெட்வொர்க் அடாப்டரை முடக்கிவிடுங்கள்.

குடியாத்தம் அச்சகம்:

மிக்க நன்றி ஐயா. கெப்பாசிட்டர்கள் எல்லாம் தட்டையாகவே உள்ளன. பேட்டரியை மாற்றியதும் தேதி நிலைத்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள். என் லேசர்ஜெட் 1020 லினக்ஸில் வேலை செய்யுமா? வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவை எதில் செருகுவது?

வேலூர் லினக்ஸ்:

பென்டிரைவை எப்போதும் லினக்ஸில் செருகுங்கள். ஷார்ட்கட் வைரஸ் இருந்தால், கோப்புறை பெயரில் சில போலிக் கோப்புகள் தெரியும், அவ்வளவுதான். அது லினக்ஸில் ஓடாது. வேண்டிய கோப்பை மட்டும், கடைக்கென்று தனியாக வைத்திருக்கும் பென்டிரைவில் எடுத்து விண்டோஸ் 7-க்குக் கொண்டுபோகலாம்.

பிரிண்டர் வேலை செய்யும், ஒரு படி கூடுதல். 1020-க்குத் தன் இயக்க நிரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். அதற்கான பிளக்-இன்னை ஹெச்.பி.யின் ஹெச்.பி.லிப் மென்பொருள் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அதை நிறுவாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், அச்சிடக் கொடுத்தால் அசையாது. பலர் பிரிண்டரே கெட்டுவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

ராணிப்பேட்டை எழுத்துரு:

அம்மா, மேலே சொன்னவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பெரிய கவலை உங்கள் யூ.எஸ்.பி. பூட்டைப் பற்றியது. அது பழுதானால் கணினி எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இல்லை. அந்தக் கோப்புகளில் இருப்பது கணினிக்குப் புரிந்த தமிழ் அன்று. வேறு எழுத்துகளுக்குரிய குறியெண்கள் இருக்கும் இடத்தில் அந்த எழுத்துரு தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு போய்விட்டால் "திருமண அழைப்பிதழ்" என்பது பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொது முறையான யுனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுவிட்ட பிறகும் நம் அச்சகங்கள் பலவற்றின் பழைய கோப்புகள் இந்த நிலையிலேயே உள்ளன.

பூட்டு வேலை செய்யும் இப்போதே, திரும்பத் திரும்ப வரும் ஆர்டர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்துருவும் உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி எடுங்கள். வடிவம் அதனால் காப்பாற்றப்படும், எந்தக் கணினியிலிருந்தும் அச்சிடலாம். பிறகு உரையை மட்டும் தனியே நகலெடுத்து, என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றால் யுனிகோடாக்குங்கள். கொம்பும் கால்களும் இடம் மாறி விழும் சொற்கள் சில வரும். பெயர்களை, குறிப்பாகப் பத்திரிகையில் வரும் உறவினர் பெயர்களை, கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் விடாதீர்கள்.

பேஜ்மேக்கர் கோப்புகளை லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் டிராவும் திறக்கும். எழுத்துருக் கோப்பு அங்கே நிறுவப்பட்டிருந்தால்தான் தமிழ் தெரியும், பக்க அமைப்பும் ஓரளவு கலையும். ஆகவே அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பத்திரிகைகளை, பேஜ்மேக்கர் போன்ற இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6-இல் யுனிகோடிலேயே தொடங்கிவிடலாம். உயிர்மெய் எழுத்துகள் அதில் ஒழுங்காக அமைகின்றன. மின்டில் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். பில் புத்தகம் போன்ற எளிய வேலையில் தொடங்கினால் கை பழகிவிடும்; முகூர்த்த மாதத்தில் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.