டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் (குள்ளர் கோட்டை கட்டும் கணினி விளையாட்டு): பாழடைந்த கோட்டையை ரீகிளைம் செய்தேன் (மீட்டுக் குடியேறினேன்), மண்டபம் பெரிதோ பெரிது, ஆட்டம் நகரவில்லை

கடலூர்_சுரங்கம்:
அவசரம், யாராவது சொல்லுங்கள். உலகம் உருவாகும்போது கணினியே கட்டி, பிறகு அழிந்துபோன குள்ளர் கோட்டை இது. ஒவ்வொரு மண்டபமும் மைதானம் மாதிரி. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் சாப்பிடப் போன ஆள் திரும்ப ஒரு யுகம் ஆகிறது. ரொம்ப மெதுவு. என்ன செய்யலாம்?

வில்லியனூர்வாசி:
மெதுவு என்றால் எது? எஃப்பிஎஸ் (ஆட்டம் ஓடும் வேகம், நொடிக்கு எத்தனை ஃபிரேம்) இறங்கிவிட்டதா, இல்லை ஆட்கள் நடக்கும் தூரம் அதிகமா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எம்பார்க் (குடியேற எடுத்த நிலப்பரப்பு) அளவு என்ன? எத்தனை பேர்?

பாகூர்_ஏரி:
வெப்பநிலைக் கணக்கை அணைத்துப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காரணம்.

பழைய_சுரங்கன்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். எம்பார்க்கில் ஒரு கட்டம் 48க்கு 48 டைல் (ஆட்டத்தின் சின்னச் சதுரம்). 4க்கு 4 எடுத்தாலே ஒரு தளத்தில் 36,864 டைல். நீங்கள் அதைவிடப் பெரிதாக எடுத்திருப்பீர்கள். வேறு இடத்தில் புதிதாக ஆரம்பியுங்கள்.

கடலூர்_சுரங்கம்:
6க்கு 6. மண்டபம் முழுசாக உள்ளே வரவேண்டும் என்று எடுத்தேன். 94 பேர், எஃப்பிஎஸ் 11. இந்தக் கோட்டையை விட மனசில்லை.

வில்லியனூர்வாசி:
விட வேண்டாம். 6க்கு 6 என்றால் தளத்துக்கு 82,944 டைல், அது ஒரு பாரம்தான். அதோடு இவ்வளவு பேரும் திறந்த வெளியில் ஒவ்வொரு வேலைக்கும் வழி தேடுகிறார்கள், அந்தக் கணக்கெல்லாம் கணினி தலையில். சாய்தளத்தை ஒட்டி ஒரு மூலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடம், படுக்கை, உணவு ஸ்டாக்பைல் (சேமிப்பிடம்), பட்டறை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். மீதியைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள். மண்டபம் எங்கும் போகாது, ஆள் பெருகும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.

பாகூர்_ஏரி:
சுவர் எதற்கு? அந்தப் பக்கம் ஆள் போவதைக் குறைக்க டிராஃபிக்கை ரெஸ்டிரிக்டட் ஆக்கினால் போதுமே. வழிக் கணக்கில் சாதாரண டைலுக்குச் செலவு 2, அதற்கு 25.

பழைய_சுரங்கன்:
அது தடை இல்லை. வேறு வழி இல்லையென்றால் அதிலேயே நடப்பார்கள். சுவர்தான் சரி.

பாகூர்_ஏரி:
சரி, சுவரே இருக்கட்டும். நடுவில் தூண் இல்லாமல் கூரை நிற்குமா? சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தைப் பாருங்கள்.

பழைய_சுரங்கன்:
நிற்கும். இந்த ஆட்டத்தில் பாறை ஒரே டைலில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் விழாது. முழுவதும் துண்டித்தால்தான் சரியும். கோயிலை ஏன் இழுக்கிறீர்கள்?

மேலவீதி_சிதம்பரம்:
இழுக்கலாம், தப்பில்லை. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசைக்கு உடைந்துவிடும். உத்தரம் நீண்டால் அடிப்பக்கம் விரிசல் விடும். அதனால்தான் எங்கள் ஊர் மண்டபத்தில் தூண்கள் அவ்வளவு நெருக்கம். தேவைக்கு நிறுத்திய தூணை அழகாக்கியதுதான் சிற்பியின் பெருமை.

பாகூர்_ஏரி:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அழகுக்காவது நாலு தூண் வேண்டும்.

பழைய_சுரங்கன்:
அழகு வேண்டுமென்றால் தரையை வழவழப்பாக்கிச் சிற்பம் செதுக்கச் சொல்லுங்கள். அறையின் மதிப்பும் கூடும்.

வில்லியனூர்வாசி:
கேள்வி கேட்டவர் எங்கே?

கடலூர்_சுரங்கம்:
சுவர் வைத்தேன். எஃப்பிஎஸ் 27 வருகிறது. சாப்பாடும் பக்கத்திலேயே. நன்றி அண்ணா.