ஜீனோமுக்கு 'மரபணுத்தொகுதி' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜீனோம் (genome), அதாவது ஓர் உயிரியின் முழு மரபுத் தகவல், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. 'மரபணுத்தொகுதி' பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். பழகிய சொல்தான். ஆனால் புதிதாக உயிரியல் படிக்க வரும் மாணவர், மரபணுக்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டிவைத்தால் ஜீனோம் ஆகிவிடும் என்று எண்ணிக்கொள்வார். மனித ஜீனோமில் சுமார் 300 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள், உள்ளன. புரதத்துக்கான குறியீடு அதில் 2 சதவீதம்கூடத் தேறாது. மரபணுக்களுக்கு நடுவே கிடக்கும் நீண்ட பகுதிகளும் ஜீனோமில் அடக்கம்.

'நிறப்புரித்தொகுதி' என்றும் ஒருவர் சொன்னார். நிறப்புரி என்றால் குரோமோசோம், செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழை. 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் ஜீனோம் என்று பெயரிட்டபோது ஒருமடிய (ஒவ்வொரு வகையிலும் ஒன்று மட்டும் கொண்ட) நிறப்புரித் தொகுதியைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அப்போது சரி. இன்று கொரோனா வைரசின் ஜீனோம் என்கிறோமே, அது சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதில் நிறப்புரிக்கு எங்கே போவது?

என் பரிந்துரை 'மரபுத்தொகை'. வாழையில் வைத்துப் பாருங்கள். பூவனும் மொந்தனும் மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டினங்கள் கலந்து வந்தவை. முதலாவதன் ஜீனோமை 'ஏ' என்றும் அடுத்ததை 'பி' என்றும் குறிப்பார்கள். பூவன் ஏஏபி, மொந்தன் ஏபிபி. ஒவ்வொரு ஜீனோமிலும் 11 நிறப்புரிகள், ஆக 33. மூன்று மூன்றாக இருப்பதால் இனச்செல் (மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனப்பெருக்கச் செல்) உருவாகும்போது அவை ஒழுங்காக இணைசேர முடியாது. பழத்தில் விதை இல்லாமல் போக அது ஒரு முக்கியக் காரணம். 'பூவனில் ஏ மரபுத்தொகை இரண்டு, பி மரபுத்தொகை ஒன்று' என்று எழுதிப் பாருங்கள், இடறவே இல்லை. மரபுத்தொகையியல் (ஜீனோமிக்ஸ்), வைரசின் மரபுத்தொகை என்று எப்படி நீட்டினாலும் வளைந்து கொடுக்கிறது.

'மரபு' என்றால் பழைய வழக்கம் என்று கொள்வார்களே என்ற தயக்கம் எனக்கில்லை. மரபியல் என்பதை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

அப்புறம், குரோமோசோம். இலங்கைப் பாடநூல்களின் நிறமூர்த்தம், 1888இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டேயர் வைத்த கிரேக்கப் பெயரை ('நிற உடல்') அப்படியே பெயர்த்தது. எனக்கு நிறப்புரியே பிடித்திருக்கிறது. முப்புரி நூல் என்கிறோமே, அந்தப் புரி. முறுக்கிச் சுருண்ட டி.என்.ஏ. கண்முன் வந்துவிடுகிறது. தமிழகப் பாடநூல்களில் குரோமோசோம் வேரூன்றிவிட்டதால், முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்.

மரபுத்தொகை எந்த வாக்கியத்தில் இடறுகிறதோ அந்த வாக்கியத்தை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.