கணக்குத் தலைப்பு இல்லாத வேலை: வட ஆற்காட்டுக்காரர்களின் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து, இழையைத் தொடங்குபவர்

ஊர் வரலாறு, கூத்து, நூலகம், நடுகல் என்று ஏதோ ஒன்றுக்காக அரசுப் பணம் கேட்டுப் போன அனுபவம் உள்ளவர்கள், பணம் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், அதை இங்கே எழுத வேண்டுகிறேன். திட்டங்களின் பெயர்கள் நம்மில் பலருக்கும் தெரியும். அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் பதிவாவதில்லை. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்க் கல்வெட்டும் நடுகல்லும் பார்ப்பது வழக்கம். மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயிலுக்கும், வள்ளிமலைச் சமணச் சிற்பங்களுக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது. வயல் வரப்பில் தனியாக நிற்கும் நடுகல்லுக்கு ஊர்க்காரர்கள் ஏற்றும் சூடத்தைத் தவிர வேறு காவல் கிடையாது. செங்கம் நம் வட ஆற்காட்டோடு இருந்த காலத்தில், அந்த வட்டாரத்து நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டது. அதில் ஏறாத கற்கள் இன்னும் எத்தனையோ ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு கல்லில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து இருந்தது. நடுகல் வாசகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, பிறகு எந்த ஊரின் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தபோது சண்டை நடந்தது, கடைசியில் அதில் பட்டு மாண்டவன் பெயர். மேல் வரிகள் ஒருவாறு புரிந்தன. கீழ் வரிகள் மண்ணுக்குள்ளும் எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளும் கிடந்தன. அதைப் படிக்க மைப்படி எடுக்க வேண்டும். கல்லைத் தேங்காய் நார்த் தூரிகையால் கழுவி, நனைத்த காகிதத்தைப் பரப்பி, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும் வரை தூரிகையால் தட்டி, ஈரம் வற்றும் பதத்தில் மையை ஒற்றி ஒற்றி எடுத்தால், கருப்பின் நடுவில் எழுத்து வெள்ளையாக நிற்கும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் காகிதம் கிழியும்.

சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு கற்களுக்கு இப்படிப் படியெடுக்கவும், அந்தந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டவும் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கருத்துரு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்த அலுவலர் நல்லவர், தேநீர்கூட வரவழைத்தார். முழுவதையும் படித்துவிட்டு, "வேலை நல்ல வேலைதான் ஐயா, ஆனால் இதற்குக் கணக்குத் தலைப்பு இல்லையே" என்றார். கட்டடமாக இருந்தால் மதிப்பீடு போடலாம், விழாவாக இருந்தால் பந்தல் செலவு காட்டலாம், இதை எதில் காட்டுவது என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, அந்த வட்டெழுத்துக் கல் நிற்கும் ஊர்க் கோயிலுக்குத் திருப்பணிப் பணம் வந்தது. கிராமக் கோயில்களுக்குத் தலா ஒரு லட்சம் என்று இருந்ததை அரசு இரண்டு லட்சமாக உயர்த்தியிருந்த சமயம் அது. ஊரே மகிழ்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது வேடியப்பனைச் சுற்றி அரையடி உயரத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே பளபளப்பான ஓடு பதித்திருந்தார்கள். அரசன் பெயர் வெளியே தெரிகிறது. செத்தவன் பெயர் சிமெண்டுக்குள் போய்விட்டது.

கைக்காசு போட்டு அந்த ஒரு கல்லையாவது படியெடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம்தான். பணம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யலாம் என்று காத்திருந்தது எங்கள் பிழை.

ஆரணிப் பக்கத்திலிருந்து

கட்டடத்துக்குத் தலைப்பு உண்டு என்று ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கலையரங்கம் நினைவுக்கு வந்தது. நான் கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். என் அப்பா கட்டியக்காரன் வேடம் கட்டியவர், நான் பின்பாட்டு. தொகுதி மேம்பாட்டு நிதி என்பது நிலைத்து நிற்கும் சொத்துக்குத்தான் தரப்படுமாம், ஆட்டத்துக்கும் ஆட்டக்காரனுக்கும் அதில் இடமில்லை. ஆகவே கூத்து வாழ வேண்டும் என்று நாங்கள் மனுக் கொடுத்ததற்குப் பதிலாகக் காங்கிரீட்டில் ஒரு மேடை வந்தது. கூத்து தரையில் ஆடுவது. மூன்று பக்கமும் சனம் உட்காரும், பிள்ளைகள் முன்னால் தூங்கி விழும், வேடக்காரன் அவர்கள் நடுவே நடந்து வருவான். இந்த மேடையோ நாலரை அடி உயரம், ஒரு பக்கம்தான் திறப்பு, கூரை தாழ்வு. துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுழன்றால் மின்விசிறியில் இடிக்கும். இப்போது அதில் நெல் காய்கிறது. நெல்லுக்கு நல்ல இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசு வேலை வரவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை டெங்குவுக்காக எட்டு ஊர்களில் ஆடினோம், ஒவ்வோர் ஊரிலும் இருபது நிமிடம். கர்ணனுக்குக் கட்ட வேண்டிய வேடத்தைக் கொசுவுக்குக் கட்டினோம். என் பையன்தான் கொசு, நன்றாகவே ஆடினான். சம்பளம் நான்கு மாதம் கழித்து வந்தது. முகவீணைக்காரர் அதற்குள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அருச்சுனன் தபசு மரம் ஏறுவது, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், கடைசியில் தீமிதி. இவ்வளவும் தலைக்கட்டு வரியில் நடக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் பேசி, நோட்டில் எழுதி, வெற்றிலை பாக்கில் வைத்து முன்பணம் கொடுத்துவிடுவார்கள். விடிந்ததும் மீதி கைக்கு வந்துவிடும். அதிலும் குறை உண்டு. வரி வாங்காத தெரு, வரி கொடுத்தும் முன்வரிசைக்கு வர முடியாத தெரு என்று பல ஊர்களில் இருக்கிறது. அரசுப் பணத்துக்கு அந்தக் குறை இல்லை என்பதாலேயே அது வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து, நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்

மேசைக்கு அந்தப் பக்கம் முப்பத்தோரு ஆண்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால் என் தரப்பையும் கேளுங்கள். தலைப்பு இல்லாத செலவுக்குக் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் தடை எழுதுவார்கள். அந்தத் தடை நீங்காமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. என் நண்பர் ஒருவர் ஒரு விழாச் செலவுக்கு வவுச்சர் இல்லாமல் இரண்டரை ஆண்டு அலைந்தார். கூத்துக்கும் கல்வெட்டுக்கும் எங்களுக்குப் பகை ஒன்றுமில்லை.

அதே சமயம், இத்தகைய வேலைக்கென்றே ஒரு வரி நம் எல்லாருடைய வீட்டு ரசீதிலும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இந்தியாவிலேயே முன்னோடியாக 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாவது அது. இப்போது சொத்து வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். உள்ளாட்சிக்கு உரிமையான பணம் அல்ல. சம்பளம் போட முடியாத மாதங்களில் அது கொஞ்ச நாள் தங்கிவிடும் என்பதை எந்த ஊர் என்று சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு நிச்சயமாக வருகிற பணம் அது ஒன்றுதான். உங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். கூட்டம் நடத்த இடமும் மின்சாரமும் நாற்காலியும் செலவில்லாமல் கிடைக்கும்.

இன்னொன்று: மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். பிப்ரவரியில் தயாரான கருத்துருவோடு வருகிறவரை நாங்களே தேடுவோம். அதில் ஆய்வு என்று எழுதாதீர்கள், பயிற்சி முகாம் என்று எழுதுங்கள். பயிற்சிக்கு வருகைப் பதிவேடு உண்டு, புகைப்படம் உண்டு, உணவுக்கு பில் உண்டு.

குடியாத்தத்திலிருந்து

அந்தப் புகைப்படத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். எங்கள் தெருவில் ஒப்பாரி பாடுகிற பாட்டி ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. செத்தவர் நெசவுக்காரரானால் தறியை வைத்து, பீடி சுற்றியவரானால் முறத்தை வைத்து, அங்கேயே கட்டிப் பாடுவார். நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டென்று அறிந்து அவருக்காக விண்ணப்பம் எழுதினேன். கலைஞர் என்பதற்குச் சான்றாக நிகழ்ச்சி அழைப்பிதழோ, மேடையில் பாடும் புகைப்படமோ கேட்டார்கள். எழவு வீட்டுக்கு யார் அழைப்பிதழ் அடிப்பார்கள், யார் படம் எடுப்பார்கள்? கடைசியில் வாசகர் வட்டக் கூட்டத்தில் அவரைப் பாட வைத்துப் படம் எடுத்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து எப்படிப் பாடுவது என்று சங்கடப்பட்டவர், பிறகு இருபது ஆண்டுக்கு முன் இறந்த தன் தங்கையை நினைத்துப் பாடினார். நூலகர் எழுந்து வெளியே போய்விட்டார். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஓர் ஆதங்கம். பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்று ஐந்து இலக்கியத் திருவிழாக்களை அரசு நடத்தியபோது பாலாற்றுக்கு ஒன்று இல்லை. தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரைக் கேலி செய்கிற பழமொழியை அவர்களும் கேட்டிருப்பார்கள் போலும். புத்தகத் திருவிழா இப்போது மாவட்டந்தோறும் நடக்கிறது என்பது உண்மையான ஆறுதல்.

திருப்பத்தூரிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழாய்வு செய்து, புதிய கற்காலத்து வழுவழுப்பான கற்கோடரிகளையும், கருகிய கொள்ளையும் பச்சைப் பயறையும் கண்டெடுத்தது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்படி ஒரு விளக்கப் பலகையும், ஆண்டுக்கு ஒரு நாள் சொற்பொழிவும் கேட்டுக் கிராம சபையில் பேசி, அதன்பின் மனுவாகக் கொடுத்தேன். கோப்பு வேலூரில் இருந்தது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஊர் திருப்பத்தூருக்கு வந்தது, கோப்பு வரவில்லை. வேலூரில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள், இங்கே கேட்டால் வரவேண்டிய பட்டியலில் இல்லை என்றார்கள். புதிய மனுவைப் புதிய தேதியில் கொடுத்திருக்கிறேன். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கொள்ளு கிடைத்தது, நாலு ஆண்டுக்கு முந்திய காகிதம் கிடைக்கவில்லை.

மீண்டும் காட்பாடியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கணக்குப் பிரிவு ஐயா சொன்னபடி பிப்ரவரியில் பயிற்சி முகாம் என்றே கருத்துரு கொடுத்தோம். பதினெட்டாயிரம் கேட்டதில் பன்னிரண்டாயிரம் கிடைத்தது. அதில் ஏழாயிரம் மதிய உணவுக்கும் பதாகைக்கும் போயிற்று, ஏனென்றால் அவற்றுக்குத்தான் பில் இருந்தது. மீதியில் ஐந்து கற்களுக்குப் படியெடுத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் தூரிகை பிடித்துப் பழகினார்கள். இப்படிப் பெயர் மாற்றிக் கேட்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பயிற்சி நடந்தது உண்மை, ஆனால் நாங்கள் போனது படியெடுக்க; நாளைக்கு அந்தக் கோப்பைப் பார்க்கிறவருக்கு இந்த மாவட்டத்தில் கல்வெட்டுப் படியெடுக்கப் பணம் தேவைப்பட்டதே தெரியாது. பதாகைக்காரர் மட்டும் நாங்கள் மறுபடி எப்போது வருவோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வேடியப்பன் கல்லுக்கு ஊர்ப் பெரியவர்களிடம் பேசினோம். சாமிக்குப் போட்ட தளத்தை உடைப்பதா என்று முதலில் மறுத்தார்கள். அந்தச் சிமெண்டுக்குள் இருப்பது சாமியின் சொந்தப் பெயர் என்று சொன்னபோது பூசாரி யோசித்தார். பூ கேட்டுப் பார்த்தார்கள். வலப்பக்கப் பூ விழுந்தது. கொத்தனார் கூலியை ஊரே தலைக்கட்டில் சேர்த்துக்கொண்டது. கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, உளி கல்லில் படாமல், இரண்டு நாள் தட்டி எடுத்தார் கொத்தனார். கடைசி வரியில் சிமெண்டு ஒட்டியிருக்கிறது. மூங்கில் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று எழுத்துத் தெரிகிறது. நான்காவது ககரமா சகரமா என்பதில் எங்களுக்குள் சண்டை. காகிதமும் மையும் வாங்கி வைத்தாயிற்று, இந்த முறை எங்கள் காசில்.